ஃபேம் கப்பலில் எரிந்தது எது, தப்பியது எது? (ராஃபிள்ஸ் சீமாட்டியின் உடைமைகள்)

ஏட்டுப்பூச்சி:
சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் மனைவியின் உடைமைகள் அத்தனையும் ஃபேம் கப்பலோடு எரிந்தன என்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் ராஃபிள்ஸ் பெயரில் ஜாவா முகமூடிகளும் கமெலான் (ஜாவா இசைக்குழு) வாத்தியங்களும் இருக்கின்றனவே! 'ஃபேம் கப்பலில் தப்பியது' என்று ஒரு நகைப்பெட்டி விலைக்கு வந்தால் நம்பலாமா? சில இடங்களில் மனைவி பெயர் ஒலிவியா என்றும் போட்டிருக்கிறது.

கடலோடி:
முதலில் பெயர்க் குழப்பம். ஒலிவியா முதல் மனைவி. 1814இல் ஜாவாவில் இறந்தார், நினைவு மண்டபம் போகோர் தாவரப் பூங்காவில். ராஃபிள்ஸ் இரண்டாவதாக சோபியாவை மணந்தது 1817 பிப்ரவரியில். 'சர்' பட்டம் கிடைத்தது அதே வருடம் மே மாதம். ஆகவே ஒலிவியா ஒருநாளும் 'லேடி ராஃபிள்ஸ்' ஆகவில்லை. 1814க்கு முந்தைய பொருளை 'லேடி ராஃபிள்ஸுடையது' என்று விற்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

நகைப்பெட்டிக்கு வருவோம். 1824 பிப்ரவரி 2, சுமத்ராவின் பென்கூலன் துறைமுகத்திலிருந்து கிளம்பிய அன்றே இரவு எட்டரை மணி வாக்கில், கரையிலிருந்து சுமார் 50 மைல் தள்ளித் தீ. பீப்பாயிலிருந்து பிராந்தி எடுக்க மூடாத விளக்கோடு போனார்கள். அந்தச் சாமான் அறை ராஃபிள்ஸ் தம்பதியின் அறைக்கு நேர் கீழே. பத்து நிமிடத்துக்குள் எல்லாரும் படகில். சோபியா அப்போதுதான் படுக்கப் போயிருந்தார். மேலங்கி ஒன்றுதான், காலில் செருப்புகூட இல்லை. படகில் சோறு தண்ணீரும் கிடையாது. நள்ளிரவில் சரக்கிலிருந்த வெடியுப்பு வேறு பற்றிக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பெட்டி படுக்கை தூக்கிவர யாருக்கும் நேரமிருக்கவில்லை. எழுத்து ஆதாரம் காட்டாத 'தப்பிய' நகைப்பெட்டியை நான் தொடமாட்டேன்.

சுவடிக்காரன்:
எரிந்தவை பற்றி ராஃபிள்ஸே பிப்ரவரி 4 தேதியிட்ட கடிதத்தில் எழுதுகிறார்: 2,000க்கும் மேற்பட்ட இயற்கை வரலாற்று ஓவியங்கள், சுமத்ராவின் பெரிய வரைபடம், சுமத்ரா, போர்னியோ வரலாறுகளுக்குச் சேர்த்த குறிப்புகள், உயிரோடு ஏற்றிய ஒரு தாபிர் (மூக்கு நீண்ட, பன்றி போன்ற விலங்கு). நட்டத்தை 20,000 பவுண்டு, ஏன் 30,000 என்றுகூடச் சொல்லலாம் என்கிறார்.

தப்பியதற்குக் காரணம் ஒன்றே: முன்னமே கப்பலேறிப் போனது. ஜாவா சேகரிப்பு, சுமார் 30 டன், 1816இலேயே இங்கிலாந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் சொன்ன முகமூடிகள் அதில் வந்தவை. சோபியா 1858இல் இறந்தபின் உறவினர் வழியாக 1859இல் மியூசியத்துக்குப் போயின. தீக்குப் பிறகு பென்கூலனில் மாட்டிக்கொண்ட இரண்டு மாதத்தில் ஓவியர்களை வைத்துப் புதிதாக வரைந்தவையும் உண்டு. அவற்றை 2007இல் பிரிட்டிஷ் நூலகம் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது.

ஏட்டுப்பூச்சி:
ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் மலாய்ச் சுவடிகள்?

சுவடிக்காரன்:
அவை சோபியா 1830இல் கொடுத்தவை. ஃபேமில் போனவை வேறு. கையெழுத்துப் பிரதிகள், அவற்றில் பலவற்றுக்கு வேறு படி இல்லை. ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா புலம்புவது அதைப் பற்றித்தான்.

கடலோடி:
சோபியாவின் பக்கத்தை யாரும் சொல்லவில்லை. 1821 முதல் 1823க்குள் நான்கு குழந்தைகளை பென்கூலனில் அடக்கம் செய்தவர். மிஞ்சிய ஒரே மகள் எல்லா (Ella) முன்பே இங்கிலாந்து அனுப்பப்பட்டாள். 1826 ஜூலையில் ராஃபிள்ஸ் இறந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி கேட்ட 22,272 பவுண்டு பாக்கி தலைக்கு மேல் நின்றது. 10,000 கொடுத்துத்தான் சோபியா அதைத் தீர்த்தார். 1830இல் கணவர் வரலாற்றை அச்சிட்டபோது அவருக்குப் பெரிதும் கைகொடுத்தவை நண்பர்களும் உறவினர்களும் பத்திரப்படுத்திய கடிதங்கள். அதில் ஒலிவியாவைப் பற்றி ஏறக்குறையப் பேச்சே இல்லை. அதனால் ஒலிவியாவின் பொருளுக்கு அந்தப் புத்தகத்தில் ஆதாரம் தேடிப் பயனில்லை.