மைவியில் நாலு ஸ்பீக்கரும் ஊமை: பிளேயரை மாற்றணுமா, வயரைத் தேடணுமா?

சிப்புட் பையன்:
பழைய மைவி காடி (பெரோடுவாவின் சின்ன கார்). ஆண்ட்ராய்டு பிளேயர், நாலு கதவிலும் ஸ்பீக்கர், சத்தத்தைக் கூட்டும் தனி ஆம்ப் கிடையாது. திரை எரிகிறது, பாட்டு ஓடுகிறது, சத்தம்தான் இல்லை. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் காடி குலுங்கினால் 'டொக்' என்று வந்து ரெண்டு விநாடி பாடும், மறுபடி போய்விடும். வலது முன்கதவில் பவர் விண்டோ மோட்டார் மாற்றியதிலிருந்து இப்படி. டவுனில் கேட்டால் பிளேயரையே மாற்று என்கிறார்கள். சரியா?

பழைய பட்டறை:
சரிதான் தம்பி. நாலு ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் சாகாது. நாலுக்கும் பொதுவாக இருப்பது பிளேயருக்குள் ஸ்பீக்கர்களை ஓட்டும் சில்லு, பவர் ஐசி. வெயிலில் நின்ற காடியில் டேஷ்போர்டு உள்ளே கொதிக்கும், மலிவு பிளேயரில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கும் சின்னது. குலுங்கும்போது வந்து போகிறதே, அது ஐசி காலில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போன அறிகுறி. ஐசி மாற்றக் கொடுக்கும் கூலியை புது பிளேயரில் போடலாம்.

ஒயர்க்கட்டு:
அண்ணே, மல்டிமீட்டர் வைக்காமல் ஐசியைச் சாகடிக்காதீங்க. நாலுக்கும் பொதுவானது ஐசி என்பது உண்மை. அதனாலேயே ஒரே ஒரு ஸ்பீக்கர் வயர் பாடி இரும்பில் பட்டாலும், பாதுகாப்புக்காக நாலு சேனலையும் சேர்த்து அணைத்துவிடும் பிளேயர்கள் உண்டு. கதவைத் திறந்து வேலை செய்த பிறகு வந்த கோளாறு இது. வயர் அப்படியே இருக்க புது பிளேயர் மாட்டினால் அதுவும் ஊமையாகத்தான் நிற்கும், காசு போனதுதான் மிச்சம்.

தம்பி, முதலில் பேலன்ஸ் (இடது-வலது சத்தம்), ஃபேடர் (முன்-பின் சத்தம்), போனின் புளூடூத் வால்யூம் மூன்றையும் பார்த்துவிடு. பிறகு சாவியை எடுத்துவிட்டு பிளேயர் பின்னால் உள்ள சாக்கெட்டுகளைக் கழற்று. ஸ்பீக்கர் ஜோடிகளின் நிறம்: வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். மீட்டரை ஓமில் வை. ஜோடிக்குள் 3 முதல் 4 ஓம் காட்டணும். ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் நடுவில் எதுவுமே காட்டக் கூடாது.

செம்பனை லோரி:
அந்தக் காலத்து ரேடியோவில் ஸ்பீக்கர் மைனஸை பாடியில் அடித்தாலே பாடுமே? மைனஸ் பட்டால் என்ன கெடும்?

ஒயர்க்கட்டு:
இப்போதைய பிளேயரில் மைனஸ் என்பது கிரவுண்ட் இல்லை. பிளஸ், மைனஸ் ரெண்டையும் ஐசியே ஓட்டுகிறது. பாட்டு இல்லாதபோதும் ரெண்டிலும் பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட் நிற்கும். அதை பாடியில் வைத்தால் ஷார்ட். நாலு மைனஸையும் ஒன்றாக முறுக்கி பாடியில் அடித்த பழைய வயரிங் இன்னும் பல காடிகளில் கிடக்கிறது. புது பிளேயர் மாட்டுமுன் அதைப் பிரித்தே ஆகணும்.

பழைய பட்டறை:
6 வோல்ட் கணக்கு எனக்கும் தெரியும். அதை வைத்தே ஐசியைப் பிடிக்கலாமே. ஸ்பீக்கர் வயர் எட்டையும் பிரித்து, முனைகளை டேப் போட்டு மூடி, பிளேயருக்குக் கரண்ட் கொடுத்துப் பார். பிளேயர் பக்கத்து எட்டு முனையிலும் 6 வோல்ட் இல்லை என்றால் ஐசி போச்சு.

ஒயர்க்கட்டு:
பாதிதான் ஒத்துக்கொள்வேன். எட்டும் பூஜ்யம் என்றால் முதலில் மஞ்சள், சிவப்பு வயர்களில் 12 வோல்ட் வருகிறதா, கறுப்பு கிரவுண்ட் இறுக்கமா என்று பார்க்கணும். கிரவுண்ட் லூசாக இருந்தால் திரை எரியும், ஐசி எழாது. இதெல்லாம் சரியாக இருந்தும் பூஜ்யம் என்றால் நீங்கள் சொன்னபடி பிளேயர்தான். ஏழில் 6 வந்து ஒன்றில் மட்டும் 12 அல்லது பூஜ்யம் என்றால் அந்தச் சேனல் காலி, அதில் ஸ்பீக்கர் மாட்டவே கூடாது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், காயில், எரிந்துவிடும். எட்டிலும் 6 இருந்து சத்தம் மட்டும் இல்லையா? மியூட், அதாவது பிளேயரே சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறது. கென்வுட் பிளேயரில் பிரவுன் நிற மியூட் வயர் கிரவுண்டில் பட்டாலே ஊமையாகிவிடும்.

சிப்புட் பையன்:
ஓமில் பார்த்தேன். ஆறு வயரில் ஒன்றும் காட்டவில்லை. சாம்பலுக்கும் பாடிக்கும் 4.1, சாம்பல்-கறுப்புக்கும் பாடிக்கும் 0.5. கதவை மெதுவாகத் திறந்தால் பாதியில் ரெண்டுமே மறைகிறது, மூடினால் திரும்ப வருகிறது.

ஒயர்க்கட்டு:
இடம் கிடைத்துவிட்டது. மைனஸ்தான் இரும்பைத் தொடுகிறது. சாம்பலில் காட்டும் 4.1, ஸ்பீக்கர் காயில் வழியாகச் சுற்றி வருவது. கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைப் பின்னுக்கு இழு. கதவு மடங்கும் இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரியும்.

பழைய பட்டறை:
அந்த ரீடிங்குக்கு மேல் வயர் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை நாள் ஷார்ட்டில் ஓடின ஐசி பிழைத்ததா? அதை இன்னும் நம்பமாட்டேன்.

ஒயர்க்கட்டு:
நியாயமான கேள்வி. சாம்பல் ஜோடியைப் பிளேயர் பக்கம் பிரித்து மூடிவிட்டு, மற்ற மூன்றையும் மாட்டு. மூன்றும் பாடினால் சாம்பல் முனை ரெண்டிலும் 6 வோல்ட் இருக்கிறதா பார், ஜோடிக்குள் 0.05 வோல்ட்டுக்குக் கீழே இருக்கணும். இருந்தால் ஐசி தப்பித்தது. ஒட்டுப் போடும்போது வெறும் டேப் வேண்டாம், வெயிலில் பசை உருகி வழியும். ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டுச் சூடாக்கு. 0.75 சதுர மில்லிமீட்டர் பல இழை வயர் போதும். ஒட்டு ரப்பர் குழாய்க்குள் வரக் கூடாது, கதவு உள்பக்கமோ தூண் உள்பக்கமோ தள்ளிப் போடு. கதவை முழுக்கத் திறந்து வைத்து, வயர் இழுபடாத அளவுக்கு நீளம் விடு.