மறு: அட்டெஸ்டேஷன் – சான்றொப்பமா, சாட்சியொப்பமா?

அன்புள்ள குழுவினருக்கு,

உயிலிலும் பத்திரத்திலும் சாட்சியாகக் கையெழுத்திடும் 'அட்டெஸ்டேஷன்' என்பதற்கு நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> அட்டெஸ்டேஷனுக்குத்தான் 'சான்றொப்பம்' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, ஆனால் அது எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டது. மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு பச்சை மையில் கையெழுத்திடும் அதிகாரியைத் தேடி அலைந்த எவருக்கும் சான்றொப்பம் என்றால் 'அசலைப் பார்த்தேன், நகல் சரி' என்பதுதான் பொருள். உயிலில் சாட்சி போடுகிறவர் அதைச் சொல்வதில்லை. சொத்து யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை, எழுதிவைத்தவர் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் அவர் ஆள்.

சட்டம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் சொல் அழகாக இருக்கும், பொருள் பொருந்தாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 63: குறைந்தது இரண்டு சாட்சிகள். ஒவ்வொருவரும் எழுதிவைப்பவர் கையெழுத்தோ கைநாட்டோ இடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவர் சொல்லி அவர் கண்முன்னே வேறொருவர் இட்டதைப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் சாட்சியும் அவர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 1837-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருவரும் ஒன்றாக இருந்தாக வேண்டும், நம் சட்டம் அங்கே தளர்த்திவிட்டது.

இதனால்தான் போன வாரம் பரிந்துரையாக வந்த 'கண்டொப்பம்' (கண்டு இட்ட ஒப்பம்) எனக்கு ஒத்துவரவில்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையில் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் 'நான் போட்டதுதான், நீயும் போடு' என்று சொல்லும் பெரியவரின் உயிலும் சட்டப்படி செல்லும். அந்தச் சாட்சி எதையும் காணவில்லை, கேட்டார், அவ்வளவுதான்.

> சாட்சிக் கையெழுத்து என்று ஊரே சொல்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பேச்சுக்குச் சரி. ஆனால் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப்போலத் தெரிவதெல்லாம் அட்டெஸ்டேஷன் ஆகிவிடாது. 1969-ல் எம்.எல். அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அது உயில் வழக்கு அல்ல, பிணைப் பத்திரம் பற்றியது. பதிவின்போது சார்பதிவாளர் கையெழுத்திடுகிறார், அடையாளம் காட்ட வந்தவர்கள் இடுகிறார்கள், ஆனால் அவர்கள் இட்டது பதிவு வேலைக்காக. சாட்சி நிற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இட்டால்தான் அவர் சாட்சி என்றது நீதிமன்றம். அனிமஸ் அட்டெஸ்டாண்டி என்று வழக்கறிஞர்கள் சொல்வது இந்த எண்ணத்தைத்தான். 'பதிவு செய்த உயில், அசைக்க முடியாது' என்று நம்பி வருகிறவர்கள் நீதிமன்றத்தில் விழிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த எண்ணத்துக்குச் சிலர் முன்வைத்த 'சாட்சிக் கருத்து' கட்டாயம் வேண்டாம், சாட்சி சொல்லும் அபிப்பிராயம் என்றுதான் படிக்கத் தோன்றும். 'சாட்சி நிற்கும் எண்ணம்' என்று விரித்தே எழுதுவோம். ஒரே சொல்லாக ஒட்டியே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

> பழைய சொல் ஏதும் கிடைக்காதா?

கிடைக்கிறது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரருக்கு எதிராகக் காட்டப்படும் ஆள் ஓலையில் (அவர் பாட்டனார் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் அடிமைப் பத்திரத்தில்) சாட்சியிட்டவர்களை 'மேலெழுத்திட்டார்கள்' என்கிறார் சேக்கிழார். அந்தக் காட்சியைச் சட்டம் தெரிந்தவர்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். பாட்டனார் காலத்து ஓலை, சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்க வழியில்லை, ஆகவே அவையினர் மேலெழுத்துகளைச் சரிபார்க்கிறார்கள், பிறகு பாட்டனார் எழுதிய வேறு ஓலையைக் கொண்டுவந்து கையெழுத்தை ஒப்பிடுகிறார்கள். சாட்சிகள் எவரும் கிடைக்காதபோது ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்தையும் நிரூபி என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொன்னதும் கிட்டத்தட்ட இதே வழிதான்.

அவ்வளவு பிடித்தும் 'மேலெழுத்து' வேண்டாம் என்றே சொல்வேன். கணினியில் மேலெழுதுதல் என்றால் இருப்பதை அழித்து எழுதுவது. உயிலில் அடித்துத் திருத்தியது செல்லுமா என்பதே தனி வழக்கு, அங்கே போய் 'மேலெழுத்து உண்டு' என்று எழுதினால் எந்தப் பக்கத்து வக்கீலுக்கும் கொண்டாட்டம்தான்.

ஆக என் வாக்கு 'சாட்சியொப்பம்', அதை இடுபவர் 'ஒப்பச் சாட்சி'. இந்த இரண்டாவது சொல்தான் எனக்கு முக்கியம். வெறுமனே சாட்சி என்றால் கூண்டில் ஏறும் சாட்சியோடு குழம்பும், வழக்கிலோ இரண்டும் வந்து மோதும். ஒப்பச் சாட்சி உயிரோடு இருந்து, அழைக்கவும் முடியும் என்றால் ஒருவரையாவது விசாரிக்காமல் உயிலைச் சான்றாகக் கொள்ள முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 68, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 67. வந்தவர் தன் கதையை மட்டும் சொன்னால் போதாது. ஜானகி நாராயண் போயிர் வழக்கில் வந்த ஒரே ஒப்பச் சாட்சியால் மற்றவரின் சாட்சியொப்பத்தைப் பற்றிச் சொல்ல முடியவில்லை, அந்த மற்றவரையும் அழைக்கவில்லை, உயில் நிரூபணமாகவில்லை என்றது உச்ச நீதிமன்றம். குறுக்கு விசாரணையில் 'அவர் போடும்போது நீங்கள் அறைக்குள்ளா, திண்ணையிலா?' என்று கேட்பதெல்லாம் இதற்குத்தான். இந்தப் பத்தியையே 'சாட்சி', 'சாட்சி' என்று மட்டும் போட்டு எழுதிப் பாருங்கள், யார் யார் என்றே தெரியாது.

பத்திரம் எழுதியவரே சாட்சியும் போட்டால் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தனிப்பெயர் வேண்டாம். சாட்சி நிற்கும் எண்ணத்தோடு இட்டிருந்தால் அவரும் ஒப்பச் சாட்சி, வெறும் 'எழுதியது இன்னார்' என்றால் எழுத்தர்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் 1840-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி உயிலுக்கு நொத்தாரிசு (நோட்டரி) இருந்தால் இரண்டு சாட்சி, இல்லையென்றால் ஐந்து. யாழ்ப்பாணத்து உறுதிகளில் (பத்திரங்களில்) இந்தச் சாட்சிக் கையெழுத்துக்கு வழக்கில் இருக்கும் சொல் எது? அதை எழுதினால் பட்டியலில் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.