ஹெக்ஸ் ஆடுபவர்கள் இருக்கீங்களா? ஏணியில் மாட்டிக்கொள்கிறேன்

வணக்கம் நண்பர்களே. 11-க்கு 11 அறுகோணக் கட்டப் பலகையில், இருவர் மாறி மாறிக் காய் வைக்கும் ஹெக்ஸ் ஆடுகிறேன். தன் நிறத்து எதிரெதிர் ஓரங்களை முதலில் இணைப்பவருக்கு வெற்றி, டிரா ஆகவே வழியில்லை. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்ததே அதுதான். (1942-ல் டென்மார்க்கில் பீட் ஹைன் உருவாக்கியது, பிறகு ஜான் நாஷும் தனியாகவே கண்டுபிடித்தார்.)

பாலம் பிடிபட்டுவிட்டது: இரு காய்களுக்கு நடுவே இரண்டு காலிக் கட்டங்கள், எதிராளி ஒன்றை அடைத்தால் நான் மற்றதில் வைத்து இணைத்துவிடுவேன்.

சிக்கல் ஏணியில்தான். ஓரத்திலிருந்து இரண்டாம் வரிசையில் நான் காய் வைக்க, அவர் முதல் வரிசையில் அடைக்க, அப்படியே மூலை வரை போய் ஓரம் எட்டாமல் நின்றுவிடுகிறது. போகிற வழியில் ஓரத்தோடு இணைந்த என் காய் ஒன்று முன்பே இருந்தால் ஏணி அதில் சேர்ந்துவிடும் என்பது புரிகிறது. ஆனால் அதை எப்போது வைப்பது? ஏணி தொடங்கும் முன்பா, நடுவிலா? நடுவில் என்றால் அதே காய் வேறொரு மிரட்டலாகவும் இருக்க வேண்டுமா?

இன்னொன்று: இடமாற்ற விதியோடு (முதல் காய் வைத்ததும் எதிராளி விரும்பினால் அந்தப் பக்கத்தைத் தனதாக்கிக்கொள்ளலாம்) ஆடும்போது நடுவில் தொடங்கினால் எதிராளி உடனே மாற்றிக்கொள்கிறார். அவர் யோசித்துத் தயங்கும்படியான முதல் கட்டம் எது? படம் வரைந்து காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.