மறுமொழி: 'ரீபிரீத்டு ஏர்' – பிறர்மூச்சு?

அனைவருக்கும் வணக்கம். அடைத்த அறையில் ஒருவர் விட்ட மூச்சுக்காற்றை மற்றவர் மீண்டும் இழுப்பதை ஆங்கிலத்தில் 'ரீபிரீத்டு ஏர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த ஒரு கேள்வி:

> அடைத்த அறைக் காற்றுக்குப் 'புழுக்கம்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நானும் போன வாரம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மாவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போன இடத்தில் மனம் மாறியது. ஏசி போட்ட காத்திருப்பு அறை. நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள். குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னல் இடுக்கு முழுக்கப் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். எதிரே ஒரு பெரியவர் துண்டால் வாயைப் பொத்திப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். யாருக்கும் வியர்க்கவில்லை, புழுக்கம் துளிகூட இல்லை. என் பையிலிருந்த கார்பன் டை ஆக்சைடு மீட்டரோ 2,300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,300 பங்கு) காட்டியது. வெளிக்காற்றில் இது 420-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

புழுக்கம் என்பது வெக்கையும் ஈரமும் சேர்ந்து உடம்பில் படுவது. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி அதைப் போக்கிவிடும். ஆனால் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றவிட்டுக் குளிர வைக்கும். உடம்புக்கே தெரியாத இந்தச் சங்கதிக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

சரி, அந்த 2,300-க்கு என்ன பொருள்? நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 38,000 பிபிஎம். 2,300-இல் வெளிக்காற்றின் 420 போக மிச்சம் 1,880. அதை 38,000-ஆல் வகுத்தால் சுமார் 5 சதவீதம். அங்கே இழுக்கும் இருபது மூச்சில் ஒன்று, அறையில் யாரோ ஏற்கெனவே விட்டது. 2003-இல் ருட்னிக், மில்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தொற்று அபாயத்தைக் கணக்கிட இந்தப் பங்கைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பே, 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோரில் ரைலி என்ற ஆய்வாளரின் குழுவினர் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு விட்டுப் பார்த்தார்கள். நோயாளிகளை நெருங்காமலே அவற்றுக்குக் காசநோய் தொற்றியது.

> மறுமூச்சு, மீள்சுவாசம், எச்சில் காற்று

இழையில் பிறர் பரிந்துரைத்த இந்த மூன்றில், 'மறுமூச்சு' மறுநாள், மறுவாரம் போல 'அடுத்த மூச்சு' என்று படுகிறது. 'மீள்சுவாசம்' என்றால் மயங்கி விழுந்தவருக்கு மூச்சு திரும்பியது போலிருக்கிறது.

'எச்சில் காற்று' கேட்டதும் புரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. எச்சில், தீட்டு என்ற சொற்களை நம் ஊரில் மனிதர்கள் மேல் எறிந்தே பழகிவிட்டோம். காசநோய் வந்தவரின் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தச் சொல் வந்தால் அந்தப் பெரியவரைப் பார்த்துத்தான் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், டேப் ஒட்டிய ஜன்னலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

என் பரிந்துரை 'பிறர்மூச்சு'. பெருமூச்சு, நெடுமூச்சு வரிசையில் நாக்குக்குப் பழகிய அமைப்பு. யாரையும் சுட்டாது. அளவுக்கு 'பிறர்மூச்சுப் பங்கு'. 'இந்த அறையில் பிறர்மூச்சு 5%' என்று சுவரில் எழுதிப் போட்டால் விளக்கம் தேவைப்படாது, யாராவது எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள்.

அப்புறம் ஒன்று. 'வென்டிலேஷன்' என்பதற்குக் காற்றோட்டம் என்றே எழுதி வருகிறோம். தலைக்கு மேல் ஃபேன் ஓடினாலும் காற்றோட்டம் என்கிறோம், அது பழைய காற்றைக் கலக்குவதோடு சரி. அறைக்காற்றில் கார்பன் டை ஆக்சைடுக்கு 1,000 பிபிஎம் வரம்பு சொன்ன, ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர், 1858-இல் கையாண்ட ஜெர்மன் சொல் 'லுஃப்ட்வெக்செல்', அதாவது காற்றுமாற்றம். நமக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன், தனி இழையில் பேசலாம்.

இப்போதைக்கு இரண்டு கேள்விகள். 'பிறர்மூச்சு' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் அம்மா, உங்கள் வார்டு செவிலியர்களிடம் இந்தச் சொல்லைச் சும்மா சொல்லிப் பாருங்களேன். அவர்கள் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்பதை எழுதுங்கள்.