பாலின மாற்றத்துக்காக ஹார்மோன் தொடங்கும் முன்னால் மனநல மருத்துவரிடம் போன திருநங்கைகளே, திருநம்பிகளே, உங்களிடம் என்ன கேட்டார்கள்?

தக்கலைத்தம்பி:
நாகர்கோவிலில் ஒரு தனியார் கிளினிக், பெயர் வேண்டாம். டெஸ்டோஸ்டீரான் ஊசிக்கு மனநல மருத்துவரின் கடிதம் இல்லாமல் ஹார்மோன் டாக்டர் உள்ளே விடமாட்டார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுகிறேன். எனக்கு 26 வயது, ஆனாலும் அம்மாவைக் கூட்டி வா என்றார்கள். சின்ன வயதில் பொம்மை வைத்து விளையாடினாயா, பந்து விளையாடினாயா, முடியை எப்போது வெட்டினாய், யாரைக் காதலித்தாய் என்று என்னிடம் வரிசையாகக் கேட்டுவிட்டு, அம்மா பக்கம் திரும்பி "இவ வீட்ல சமையல் செய்வாளா?" என்றார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க வீட்ல மீன்கறி வைக்கியது இவளுக்க அப்பாதான் டாக்டர், அப்பொ அவருக்கும் ஊசி போடணுமா?" வெளியே டோக்கன் கூப்பிடுகிற பெண் சிரித்தது உள்ளே வரைக்கும் கேட்டது. டாக்டர் பேனாவை நிறுத்தினார், எழுதியதில் ஒரு வரியை இரண்டு தடவை கோடு போட்டு அடித்தார். கடிதம் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் 'ஜென்டர் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்', அதாவது பாலின அடையாளக் கோளாறு, என்று இருக்கிறது. 2013-லேயே டிஎஸ்எம்-5, அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல், தூக்கிப் போட்ட பெயர். அதைவிட, அந்த அடித்த வரியில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தார் என்பதுதான் இன்றைக்கும் மண்டையில் ஓடுகிறது.

குளச்சல்காரி:
எனக்கு நேர் எதிர். நான் போனது அரசு மருத்துவமனை. திருநங்கைகள் எங்களில் பாதிப் பேர் பெண் ஹார்மோனுக்காகக் கருத்தடை மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போடுவது உங்களுக்குத் தெரியும், நானும் போட்டுக்கொண்டுதான் போனேன். டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார், பார்த்த உடனே "காலைக் காட்டு" என்றார். இரண்டு கெண்டைக்காலையும் கட்டைவிரலால் அழுத்தி, வலிக்கா, மூச்சு வாங்குதா, வீட்டில் யாருக்காவது ரத்தம் கட்டியிருக்கா, சிகரெட் உண்டா என்று கேட்டார். அந்த மாத்திரையில் இருக்கிற எத்தினைல் ஈஸ்ட்ரடையால் ரத்தக் குழாயில் ரத்தத்தை உறைய வைக்கும், நீ கேட்கிற மாற்றத்துக்கு ஈஸ்ட்ரடையால் வேலரேட் என்கிற வேறு பெண் ஹார்மோன் போதும், அதையும் ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டணும் என்றார். பொம்மைக் கதையெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து நான் எழும்பப் போகும்போதுதான் கேட்டார், "பின்னால பிள்ளை வேணும்னு தோணலாம், மருந்து தொடங்கும் முன்னே விந்தைச் சேமித்து வைக்கிறியா?" எனக்குப் பேச்சே வரவில்லை. திருநங்கையிடம் போய் ஒருத்தர் பிள்ளை வேணுமா என்று கேட்பார் என்று யார் நினைப்பார்? வெளியே வரிசை, கதவைத் தட்டுகிறார்கள், அவர் அவசரப்படவே இல்லை. யோசித்துவிட்டு அடுத்த வாரம் வா என்று அனுப்பினார். அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை.

ரப்பர்தோட்டம்:
தக்கலைத்தம்பி, கடிதத்தில் இருக்கிற பெயருக்கு ஏன் இத்தனை கோபம்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10-ல் எஃப் 64 என்ற குறியீட்டுக்குத் தலைப்பே அதுதான், டாக்டர் சொந்தமாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த பதிப்பான ஐசிடி-11 அதை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்து பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்து, 'ஜென்டர் இன்காங்ருயன்ஸ்', அதாவது பாலினப் பொருத்தமின்மை, என்று ஆக்கியது. 2019-ல் ஒப்புக்கொண்டார்கள், நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். நம்ம ஊர் சீட்டுக்கு அது வந்துசேர நாளாகும். என் கடிதம் திருவனந்தபுரத்தில் வாங்கியது, அதிலும் எஃப் 64தான், ஊசிக்கு ஒரு தடங்கலும் வரவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் கேள்வி தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பொம்மை பிடிக்கும் என்பது டிஎஸ்எம்-5-ல் குழந்தைகளுக்கான பட்டியலில்தான் வருகிறது. பெரியவர்களுக்கு ஆறு அடையாளங்கள், அதில் குறைந்தது இரண்டு, ஆறு மாதமாவது இருக்க வேண்டும், கூடவே அதனால் கடுமையான வேதனையோ அன்றாட வாழ்க்கைக்குத் தடையோ இருக்க வேண்டும். அந்த ஆறில் சமையலும் இல்லை, காதலும் இல்லை. திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் 2022-ல் போட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டியைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஹார்மோன் தொடங்க அவர்கள் கேட்பது, பாலின உணர்வு நிலையாக இருக்கிறதா, சிகிச்சையைப் புரிந்து சம்மதிக்கிறாரா, பிள்ளைப்பேற்றில் அது என்ன செய்யும் என்று தெரியுமா, உடலிலோ மனதிலோ கவனிக்க வேண்டிய வேறு ஏதாவது உண்டா, இவைதான். அதனால் இனிப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரில் இருக்கிற பெயரையும் கூப்பிடும் பெயரையும் கடிதத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அசலைக் கையைவிட்டு விடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். லேமினேட் பண்ணாதீர்கள், சீல் வைக்க முடியாது. கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை டெஸ்ட் முதலிலேயே எடுத்துப் போனால் ஒரு நடை மிச்சம். இங்கே முடியவில்லை என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் தனிக் கிளினிக் இருக்கிறது, ஆனால் விடிகாலை வண்டியைப் பிடியுங்கள். சும்மா அம்மாவைக் கூட்டிப் போய் டாக்டரைக் கிண்டல் பண்ண வைக்காதீர்கள்.

தக்கலைத்தம்பி:
அண்ணே, லேமினேட் பற்றி யார் கேட்டது? அம்மாவை நானா கூட்டிப் போனேன்? அவர்கள்தான் கேட்டார்கள், மேலே எழுதியிருக்கிறேனே.

வடசேரி லேப்:
நான் ரத்தம் எடுக்கிறவள், இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். தாடி வைத்த ஒரு பையன், சீட்டில் பெண் என்று இருக்கிறது. ஹீமோகுளோபின் 16.1. எங்கள் சாஃப்ட்வேர் பெண்களுக்கு 12 முதல் 15 என்று வைத்திருப்பதால் பக்கத்தில் ஸ்டார் போட்டுத் தடித்த எழுத்தில் அடித்துவிட்டது. ஊசி போடுகிறவர்களுக்கு அது ஏறும்தான், ஆண்களுக்கு 17 வரை போகலாம். அவன் கவுண்டரிலேயே கவரைப் பிரித்தான், ஸ்டாரைப் பார்த்தான், முகம் செத்துப்போனது. "ஊசியை நிறுத்திடுவாங்களா அக்கா?" என்றான். நான் ஓரத்தில் பேனாவால் 13–17 என்று எழுதி, டாக்டரிடம் காட்டு என்று கொடுத்தேன். ரிப்போர்ட்டில் கையால் எழுதலாமா என்று இன்சார்ஜ் எல்லார் முன்னாலும் திட்டினார். அந்தப் பையன் அப்புறம் வரவில்லை. ஊசி தொடர்ந்ததா, நிறுத்தினார்களா, ஒன்றும் தெரியாது.

ரப்பர்தோட்டம்:
நிறுத்தியிருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டியது ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது 54 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோஸைக் குறைப்பது, நிறுத்திவைப்பது எல்லாம். தண்ணீர் குடிக்காமல் ரத்தம் கொடுத்தாலும் கொஞ்சம் ஏறிக் காட்டும், அதனால் காலையில்...

குளச்சல்காரி:
அண்ணே போதும். லேப் அக்கா, சீட்டில் 'மற்றவை' என்று போட்டால் எந்த ரேஞ்ச் வரும்?

வடசேரி லேப்:
எங்கள் சாஃப்ட்வேரில் ஒன்றுமே வராது. அந்தக் கட்டம் காலியாக அச்சாகும். நம்பரை மட்டும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் இப்போது பதியும்போதே என்ன மருந்து, எத்தனை மாதமாக என்று கேட்டு குறிப்புக் கட்டத்தில் டைப் பண்ணிவிடுகிறேன். டைப் பண்ணினால் யாரும் திட்டுவதில்லை.