முட்டி எக்ஸ்ரே நார்மல், ஆனா குந்த முடியல, மெனிஸ்கஸ் (முட்டிக்குள்ள மெத்த மாதிரி இருக்கற குருத்தெலும்பு) கிழிசலா இருக்குமா?

கடலூர் ஸ்மாஷர்: போன ஞாயித்துக்கிழம சில்வர் பீச்சுல வாலிபால் ஆடும்போது மணல்ல கால் புதைஞ்சு அப்படியே நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு, முட்டிக்குள்ள டப்னு ஒரு சத்தம். அப்ப பெருசா வலி இல்ல, மிச்ச கேமும் ஆடினேன். மறுநாள் காலைல எந்திரிச்சா முட்டி உப்பிக் கெடக்கு. இப்ப நடக்கறேன், ஆனா திரும்பினா உள்பக்கம் சுருக்குனு குத்துது, குந்தவே முடியல. எக்ஸ்ரே நார்மல்னு மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க. அம்மா எண்ணெய் போட்டு நீவலாம், இல்லன்னா புத்தூர் கட்டு போடலாம்ங்கறாங்க. வெறும் சுளுக்கா இது?

பாண்டி பிசியோ: எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும் தம்பி, மெனிஸ்கஸ் தெரியாது, அதுக்கு எம்ஆர்ஐ தான். நீங்க சொல்றதுல எனக்கு முக்கியமா படறது வீக்கம் வந்த நேரம். ரெண்டு மணி நேரத்துக்குள்ள மளமளன்னு வீங்கினா ஏசிஎல், அதாவது முட்டி நடுவுல எலும்புகள புடிச்சு வச்சிருக்கற ஜவ்வு, கிழிஞ்சிருக்குமோன்னு சந்தேகம் வரும், ராத்திரி மெதுவா ஏறி காலைல தெரியறது மெனிஸ்கஸ்ல சகஜம், ஆனா அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. முட்டிய மடக்கி உக்காந்து, சில்லுக்குக் கீழ பக்கவாட்டுல ரெண்டு எலும்பும் சேர்ற பள்ளத்த விரலால அழுத்திப் பாருங்க, கரெக்டா அந்த கோட்டுல வலிக்குதா? கால் முழுசா நீளுதா, இல்ல பாதில மாட்டிக்குதா?

கடலூர் ஸ்மாஷர்: உள்பக்கம் அந்த பள்ளத்துலதான், தொட்டாலே உயிர் போகுது. கால் நீளுது, ஆனா சேர்லேந்து எந்திரிக்கும்போது டக்குனு புடிச்சுக்குது, லேசா ஆட்டினா விட்டுடுது.

நெல்லிக்குப்பம் வாத்தியார்: எனக்கு அடியே படல, வயசு 54, தரைல சம்மணம் போட்டு உக்காந்து எந்திரிச்சதோட சரி. எம்ஆர்ஐல கிழிசல்னு வந்துச்சு. ஆபரேஷன் வேணாம், தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணுங்கன்னாங்க, இப்ப பஸ் ஏறி எறங்க முடியுது. அதனால ஸ்கேன் பாத்ததும் பயந்துடாதீங்க.

பாண்டி பிசியோ: வாத்தியாருக்கு வந்தது தேய்மானத்துல வர்ற கிழிசல் சார், தம்பியோடது முறுக்கி வந்தது, ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணு கெடையாது. மெனிஸ்கஸோட வெளி ஓரத்துல கிழிஞ்சா ரத்த ஓட்டம் இருக்கு, ஆறலாம், தையலும் போடலாம். உள் ஓரத்துல அது கஷ்டம். ஸ்மாஷர், ஆர்த்தோ கிட்ட இந்த வாரமே காட்டுங்க, ஜிப்மர் ஓபிடி போனாலும் சரி. திடீர்னு நீட்டவே முடியாம லாக் ஆயிட்டா வாரக்கணக்கு பாக்காம அன்னிக்கே போங்க, கிழிஞ்ச துண்டு நடுவுல மடிஞ்சு சிக்கியிருக்கலாம். அதுவரைக்கும் துணி சுத்தி ஐஸ் வைங்க, குந்தாதீங்க, நீவறதும் கட்டும் வேணவே வேணாம்.

கடலூர் ஸ்மாஷர்: சரிங்க, நாளைக்கே போறேன். அம்மா எண்ணெய்ய சுட வச்சுட்டாங்க, அத எப்படி தடுக்கறதுன்னுதான் தெரியல.