தம்பிய ஜெயில்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு மாத்த என்ன மனு போடணும்?

நாங்க பென்னாகரம் பக்கம். தம்பிக்கு 27 வயசு, சிசோஃப்ரினியாங்கிற மனநோய், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில காட்டிட்டு இருந்தோம். தீபாவளிக்கு அப்புறம் மாத்திரைய நிறுத்திட்டான், ராத்திரி தூக்கமே இல்ல, தனியா பேசுறது, பக்கத்து வீட்டுக்காரர் சோத்துல மருந்து வைக்கிறார்னே சொல்லிட்டு இருந்தான், மாசில அவர கொடுவாளால வெட்டிட்டான். அவரு பொழச்சிட்டாரு, கைதான் இன்னும் சரியா வரல. கொலை முயற்சி கேஸ், பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றச் சட்டம்) 109, இப்ப ரிமாண்ட்ல ஜெயில்ல இருக்கான்.

வக்கீல் ஜாமீன் மனுவே போடுறார், தள்ளுபடி ஆகுது. நெசத்த சொன்னா இப்ப இருக்கற நிலைமைல வீட்டுக்கு வந்தா எங்கம்மாவுக்கே பயம், ஊர்ல எதிர்க்கிறதும் நியாயம்தான். பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஜெயில் டாக்டர்கிட்ட குடுத்தாச்சு, மாத்திரை தர்றாங்களாம், முழுங்குறானான்னு யாருக்கு தெரியும். தர்மபுரி கோர்ட்ல இலவச சட்ட உதவிக்கும் எழுதி குடுத்திருக்கோம்.

புத்தி சரியில்லாம செஞ்சது குற்றமில்லன்னு சொல்ற பிஎன்எஸ் 22, அதான் பழைய ஐபிசி 84, அதுக்கு சம்பவத்தப்ப புத்தி எப்படி இருந்துச்சுன்னு நாமதான் நிரூபிக்கணும், அது விசாரணைல வர்றது. இப்போதைக்கு ஆஸ்பத்திரிக்கு மாத்த பிஎன்எஸ்எஸ் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 367, 369, அப்புறம் 2017 மனநல சட்டத்துல 103னு படிச்சேன்.

இதுல எந்த பிரிவுல, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயா செஷன்ஸ்லயா மனு போட்டு நம்ம பக்கம் யாராச்சும் ஆர்டர் வாங்கியிருக்கீங்களா?